பழைய ஐஎஸ்ஏ கார்டைப் புதிய லினக்ஸ் கெர்னலில் இயங்க வைத்தல்: முழுமையான வழிகாட்டி

ஐஎஸ்ஏ, பிசி/104 போன்ற பழைய பஸ்களில் (கார்டுகளைக் கணினியுடன் இணைக்கும் தடங்கள்) அமரும் கார்டு ஒன்று புதிய கெர்னலில் இயங்காமல் போனால், இந்தப் பணிக்குப் புதிதாக வருபவர்களில் பெரும்பாலோர் முதலில் டிரைவரின் மூலநிரலைத் திறந்து கம்பைல் பிழைகளைத் திருத்தத் தொடங்குகிறார்கள். நிரல் பிழையின்றிக் கம்பைல் ஆகிவிடும். கார்டு மட்டும் அசையாது. பின்னர் வந்த பிசிஐ பஸ்ஸின் கார்டு தான் யார், தனக்கு என்ன வேண்டும் என்பதைத் தானே சொல்லிவிடும். ஐஎஸ்ஏ கார்டு எதையும் சொல்லாது. ஆகவே கார்டு, பயாஸ், கெர்னல் அமைப்பு, போர்ட் (கார்டுடன் பேசும் முகவரி), இன்டரப்ட் (கார்டு செயலியை அழைக்கும் சைகை), டிஎம்ஏ (செயலியின் தலையீடின்றி நினைவகத்துக்குத் தரவு செல்லும் வழி) என்று ஒவ்வொரு அடுக்கும் சரியாக இருப்பதை மெய்ப்பித்த பிறகே அடுத்த அடுக்கில் கை வைக்க வேண்டும். கீழே உள்ள எண் வரிசையை மாற்றாமல் பின்பற்றவும்.

போர்ட் முகவரிகளும் பதிவேட்டு (ரெஜிஸ்டர்) மதிப்புகளும், வேறு குறிப்பு இல்லாத இடங்களில், பதினாறடிமானத்தில் (ஹெக்ஸ்) எழுதப்பட்டுள்ளன. கெர்னல் சார்புகளின் (ஃபங்ஷன்களின்) பெயர்களை ஒலிக்கு ஏற்ப, அடிக்கோடுகளுடன் தந்துள்ளேன். எடுத்துக்காட்டுக்கு என்இ2000 வகை நெட்வொர்க் கார்டைக் கொள்கிறேன். அதன் நடத்தை நன்கு அறியப்பட்டது, எமுலேட்டரிலும் கிடைக்கிறது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கார்டின் ஜம்பர் (போர்ட், இன்டரப்ட் எண்களைத் தேர்வு செய்யும் சிறு இணைப்பான்) விவரம் முதல் தேவை. கையேடு கிடைக்காவிட்டால், கார்டின் மீது அச்சிடப்பட்ட குறிகளும் ஒவ்வொரு ஜம்பரின் நிலையும் தெரியும்படி படமெடுத்து வைக்கவும். பணியின் நடுவில் ஜம்பரை மாற்ற நேரும்; பழைய நிலைக்குத் திரும்ப அந்தப் படம் ஒன்றே சான்று.

கார்டு பழுதில்லை என்று காட்டக்கூடிய ஏதாவது ஒன்றும் வேண்டும். அது கார்டுடன் வந்த டாஸ் சோதனை மென்பொருளாகவோ, கார்டு இயங்கிய பழைய கெர்னலாகவோ இருக்கலாம். இது இல்லாமல் தொடங்குபவர், இறந்துபோன கார்டுக்காக டிரைவரைத் திருத்திக்கொண்டிருக்கும் வாய்ப்பு உண்டு.

மூன்றாவதாக, சீரியல் கன்சோல். இன்டரப்டிலோ டிஎம்ஏவிலோ தவறு நேர்ந்தால் கணினி அப்படியே உறைந்துவிடும். கடைசிச் செய்திகள் வட்டில் எழுதப்படும் முன்பே தொலைந்துபோகும். இன்னொரு கணினியில் சீரியல் கேபிள் வழியாக அவற்றைப் பிடித்து வைத்தால்தான் எந்த வரியில் நின்றது என்று தெரியும்.

சோதனைக் கணினியின் வட்டில் இழக்கக்கூடாத எதையும் வைக்க வேண்டாம். தவறான டிஎம்ஏ முகவரி நினைவகத்தின் எந்தப் பகுதியிலும் எழுதும்; அந்தப் பகுதி கோப்பு முறைமையின் இடைச்சேமிப்பாக இருந்தால் சேதம் வட்டுக்குப் போய்ச் சேரும்.

கியூஇமு எமுலேட்டரில் என்இ2000 ஐஎஸ்ஏ கார்டை விரும்பிய போர்ட்டிலும் இன்டரப்டிலும் அமைத்துக்கொள்ளலாம். நிரலின் ஓட்டத்தைச் சரிபார்க்க அது போதும். ஆனால் உண்மையான பஸ்ஸின் வேகத்தையும் இன்டரப்ட் கம்பியின் மின்நிலையையும் அது காட்டாது. அங்கே இயங்கியது என்பதை வைத்து முடிவுக்கு வர வேண்டாம்.

2. கார்டு பஸ்ஸில் பதில் தருகிறதா என்று பார்த்தல்

டிரைவர் எதையும் ஏற்றாமல், /டெவ்/போர்ட் கோப்பின் வழியாகக் கார்டின் அடிப்படை முகவரியிலிருந்து ஒரே ஒரு பைட்டை டிடி கட்டளையால் படிக்கவும். எந்தக் கார்டும் பதில் தராத முகவரியில் பஸ்ஸின் தரவுக் கம்பிகள் மேல்நிலையிலேயே நிற்பதால் எஃப்எஃப் என்ற மதிப்பு வரும். கார்டு இருந்தால் பெரும்பாலும் வேறு மதிப்பு வரும். அப்போதுதான் மீட்டமைக்கப்பட்ட என்இ2000 கார்டு முதல் பதிவேட்டில் 21 என்று காட்டும்.

இங்கே அடிக்கடி நேரும் தவறு ஒன்று உண்டு. டிடி கட்டளை தாண்ட வேண்டிய அளவைப் பதின்ம எண்ணாக எடுத்துக்கொள்ளும். போர்ட் 300 என்பதற்கு அங்கே 768 என்று தர வேண்டும். 300 என்றே எழுதுபவர் உண்மையில் போர்ட் 12சி-யைப் படிக்கிறார். எஃப்எஃப் வந்ததும் கார்டு இறந்துவிட்டது என்று முடிவு கட்டுகிறார்.

முழு எல்லையையும் ஒரே மூச்சில் படிக்க வேண்டாம். பழைய கார்டுகளில் படிப்பதும் ஒரு செயலே. என்இ2000-இல் அடிப்படையிலிருந்து 1எஃப் தள்ளியுள்ள போர்ட்டைப் படித்தால் கார்டு மீட்டமைந்துவிடும்.

செக்யூர் பூட் இயக்கத்தில் உள்ள கணினிகளில் கெர்னலின் லாக்டவுன் வசதி /டெவ்/போர்ட்டை மூடிவிடக்கூடும். அதே வசதி, போர்ட் எண்ணையும் இன்டரப்ட் எண்ணையும் மாட்யூல் அளவுருவாகத் தருவதையும் மறுக்கும். அனுமதி இல்லை என்ற பிழை வந்தால் டிரைவரைச் சந்தேகிக்காமல் முதலில் செக்யூர் பூட்டை அணைக்கவும்.

கார்டு பிளக் அண்ட் ப்ளே வகை என்றால் இந்தச் சோதனை பொருந்தாது. இயக்கிவிடும் வரை அது எந்தப் போர்ட்டிலும் பதில் தராது. அதற்குப் பகுதி 5 உள்ளது.

3. பயாஸில் இன்டரப்டை ஒதுக்கி வைத்தல்

ஐஎஸ்ஏ இன்டரப்ட் கம்பியைப் பொதுவாகப் பகிர முடியாது. கார்டு ஒன்று இருப்பது பயாஸுக்குத் தெரியாததால், அதே எண்ணை அது ஏதேனும் ஒரு பிசிஐ சாதனத்துக்குக் கொடுத்துவிடலாம். பயாஸ் அமைப்பில் பிசிஐ, பிஎன்பி தொடர்பான பக்கத்துக்குச் சென்று, உங்கள் கார்டின் எண்ணை ஐஎஸ்ஏவுக்கு என ஒதுக்கவும். சில பயாஸ்களில் இது 'ரிசர்வ்டு' என்றும், வேறு சிலவற்றில் 'லெகசி ஐஎஸ்ஏ' என்றும் இருக்கும். டிஎம்ஏ தடம் பயன்படுத்தும் கார்டு என்றால் அதையும் ஒதுக்கவும்.

பயாஸில் அந்த வசதி இல்லை என்றால், கெர்னல் துவக்க வரியில் 'ஏசிபிஐ_ஐஆர்கியூ_ஐஎஸ்ஏ=' என்ற அளவுருவுடன் எண்ணைத் தந்து, அது ஐஎஸ்ஏவுக்குரியது என்று குறிக்கலாம். பயாஸ் ஒதுக்கீடே உறுதியானது.

நினைவகப் பரப்பைப் பயன்படுத்தும் கார்டுகளுக்கு, அந்தப் பரப்பின் ரோம் ஷேடோவை அணைக்கவும். அணைக்காவிட்டால் கெர்னல் கார்டின் நினைவகத்துக்குப் பதிலாக ரேமில் உள்ள நகலைப் படிக்கும்.

4. கெர்னல் அமைப்பைச் சரிசெய்தல்

எக்ஸ்86 கெர்னலில் பெயரளவில் நெருக்கமான மூன்று தெரிவுகள் உள்ளன. 'கான்ஃபிக்_ஐஎஸ்ஏ' என்பது 32 பிட் கெர்னலுக்கு மட்டும் உரியது. 'கான்ஃபிக்_ஐஎஸ்ஏ_பஸ்' என்பது புதிய கணினிகளுக்கானது; 'எக்ஸ்பர்ட்' தெரிவை இயக்காவிட்டால் பட்டியலில் தென்படாது. 'கான்ஃபிக்_ஐஎஸ்ஏ_பஸ்_ஏபிஐ' என்பது டிரைவர்கள் பதிவு செய்துகொள்ளும் அடித்தளம். அதைப் பயனர் நேரடியாகத் தெரிவு செய்வதில்லை, மற்ற தெரிவுகள் இழுத்துக்கொண்டு வரும்.

உங்கள் டிரைவர் 'கான்ஃபிக்_ஐஎஸ்ஏ'வைச் சார்ந்தது என்று கேகான்ஃபிக் கோப்பில் (எந்தத் தெரிவு எதைச் சார்ந்தது என்ற விதிகள் உள்ள கோப்பு) எழுதப்பட்டிருந்தால், 64 பிட் கெர்னலில் அது பட்டியலிலேயே வராது. முதல் முயற்சிக்கு 32 பிட் கெர்னலையே கட்டுங்கள் என்பது என் பரிந்துரை. அங்கே கார்டு இயங்கிய பிறகு, சுட்டிகளை 32 பிட் எண்ணாக மாற்றிச் சேமிக்கும் வரிகளைத் திருத்தி, அதற்குப் பின்பே சார்பு விதியைத் தளர்த்த வேண்டும். விதியை மட்டும் தளர்த்திவிட்டால் 64 பிட்டில் கம்பைல் ஆகும்; இயங்கும்போது சுட்டியின் மேல் பாதி அறுந்து கெர்னல் விழும்.

புதியவர்கள் இரண்டு இடங்களில் விழுகிறார்கள். ஒன்று, 'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்'. அப்போது ஏற்றப்பட்டுள்ள மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அது நீக்கும். உங்கள் கார்டின் மாட்யூல் இன்னும் ஏறவே இல்லை என்பதால் அதுவும் சேர்ந்து போய்விடும். இரண்டு, அமைப்புக் கோப்பில் கையால் ஒரு வரியைச் சேர்த்துவிட்டு 'மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக்' தருவது. சார்ந்திருக்கும் மற்ற தெரிவுகள் இயக்கப்படாத வரியை அது எந்த எச்சரிக்கையும் இன்றி நீக்கிவிடும். ஒவ்வொரு முறையும் கட்டத் தொடங்கும் முன், உருவான கோப்பில் உங்கள் தெரிவுகள் இருக்கின்றனவா என்று கிரெப் (கோப்பில் சொல் தேடும் கட்டளை) மூலம் பார்த்துவிடுங்கள்.

அடித்தளத் தெரிவு இல்லாத கெர்னலில் டிரைவர் பதிவு செய்ய முயன்றால் 'சாதனம் இல்லை' என்ற பிழையே திரும்பும். கார்டு அகப்படாதபோதும் அதே பிழைதான் வரும். இரண்டையும் பிரித்தறிய இந்தக் கிரெப் சோதனையே வழி.

5. பிளக் அண்ட் ப்ளே வகைக் கார்டுகளுக்கு மட்டும்

ஜம்பரே இல்லாத ஐஎஸ்ஏ கார்டு பெரும்பாலும் இந்த வகையாகவே இருக்கும். இதற்கான 'கான்ஃபிக்_ஐஎஸ்ஏபிஎன்பி' தெரிவு 'கான்ஃபிக்_ஐஎஸ்ஏ'வைச் சார்ந்தது. எனவே மீண்டும் 32 பிட் கெர்னல்.

/சிஸ்/பஸ்/பிஎன்பி/டிவைசஸ் அடைவில் ஒவ்வொரு சாதனத்துக்கும் 'ஆப்ஷன்ஸ்', 'ரிசோர்சஸ்' என்ற கோப்புகள் இருக்கும். முதலாவது, கார்டு ஏற்கக்கூடிய போர்ட்டுகளையும் இன்டரப்டுகளையும் காட்டும். இரண்டாவதில் 'ஆட்டோ' என்று எழுதினால் கெர்னல் அவற்றுள் ஒன்றைத் தேர்வு செய்யும். பின் 'ஆக்டிவேட்' என்று எழுதினால் கார்டு உயிர்பெறும். அதன் பிறகு பகுதி 2-இன் சோதனையைச் செய்துவிட்டுத் தொடரவும்.

6. முன்பு இயங்கியது என்றால் பைசெக்ட்

ஏதோ ஒரு பழைய பதிப்பில் இதே கணினியில் இதே டிரைவர் இயங்கியிருந்தால், நிரலைப் படிக்கும் முன் கிட் பைசெக்ட் (மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் முறை) செய்யவும். ஆயிரம் மாற்றங்களுக்கு இடையே ஒளிந்திருக்கும் குற்றவாளியைப் பத்துக் கட்டுமானங்களில் பிடித்துவிடலாம். ஒவ்வொரு படியிலும் பாதி கழிந்துவிடுகிறது.

மிகப் பழைய கெர்னல்களைப் புதிய ஜிசிசியால் கட்ட முடியாமல் போகலாம். அந்தக் காலத்துக்கு உரிய கம்பைலரைத் தனியாக நிறுவிக்கொள்ளவும். கட்ட முடியாத படியை 'பேட்' என்று குறிக்கக்கூடாது. 'ஸ்கிப்' என்றே தர வேண்டும். தவறாகக் குறித்த ஒரே ஒரு படி, மீதித் தேடல் முழுவதையும் தொடர்பில்லாத பக்கம் திருப்பிவிடும்.

7. போர்ட் எல்லையும் அடையாளச் சோதனையும்

டிரைவர் போர்ட்டைத் தொடும் முன் 'ரிக்வெஸ்ட்_ரீஜன்' மூலம் எல்லையைக் கோர வேண்டும். வேறு டிரைவர் அதைப் பிடித்திருந்தால் கோரிக்கை தோற்கும். பிடித்திருப்பது யார் என்று /புராக்/ஐஓபோர்ட்ஸ் காட்டும். கோராமலே படிக்கும் பழைய டிரைவர்கள் அடுத்த சாதனத்தின் பதிவேட்டைக் கலைத்துவிடும்.

என்இ2000 பிடிக்கும் எல்லை பதினாறடிமானத்தில் 20 போர்ட்டுகள், அதாவது 300 முதல் 31எஃப் வரை. பல பழைய கார்டுகள் முகவரியின் கீழ் 10 பிட்களை மட்டுமே பார்க்கும் என்பதையும் கவனத்தில் கொள்ளவும்: 300-இல் உள்ள அத்தகைய கார்டு 700, பி00 ஆகியவற்றிலும் பதில் தரும். மேலே வெறுமையாகத் தோன்றும் முகவரியில் இன்னொரு சாதனத்தை வைத்தால் இரண்டும் மோதிக்கொள்வது இதனால்தான்.

அடுத்து அடையாளச் சோதனை. எஃப்எஃப் இல்லை என்பது மட்டும் போதாது. என்இ2000 டிரைவர் இதை எப்படிச் செய்கிறது என்று பார்த்தால் முறை புரியும். முதல் பதிவேடு எஃப்எஃப் என்றால் உடனே விலகிவிடுகிறது. இல்லையென்றால் சிப்பைப் பக்கம் 1-க்கு மாற்றி, 0டி-இல் உள்ள மதிப்பைச் சேமித்துக்கொண்டு, அங்கே எஃப்எஃப் எழுதுகிறது. பிறகு பக்கம் 0-க்குத் திரும்பி அதே 0டி-ஐ இரண்டு முறை படிக்கிறது. பக்கம் 0-இல் அந்த இடம் ஒரு பிழை எண்ணி, படித்தால் சுழியாகிவிடும். இரண்டாவது முறை சுழி வந்தால் அங்கே இருப்பது என்இ2000 பயன்படுத்தும் 8390 குடும்பச் சிப். சுழி வராவிட்டால், எழுதிய இரண்டு இடங்களிலும் பழைய மதிப்புகளைத் திரும்ப வைத்துவிட்டு டிரைவர் வெளியேறுகிறது.

அந்தக் கடைசிச் செயலைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அந்த முகவரியில் இருப்பது உங்கள் கார்டு இல்லை என்றால், நீங்கள் எழுதியது வேறொருவரின் பதிவேட்டில். எழுதித்தான் சோதிக்க வேண்டும் என்றால், திரும்ப வைக்கும் வரியையும் சேர்த்தே எழுதுங்கள்.

முகவரிகளை வரிசையாகத் துழாவும் வழக்கத்தை மாட்யூலில் வைக்க வேண்டாம். என்இ2000 மாட்யூலே முகவரி தரப்படாவிட்டால் ஏற மறுக்கிறது. அது சரியான நடத்தை.

8. டிரைவரை ஐஎஸ்ஏ பஸ் கட்டமைப்புக்குள் கொண்டுவருதல்

பழைய டிரைவர்கள் மாட்யூலின் தொடக்கச் சார்பிலேயே எல்லாவற்றையும் செய்து, விவரங்களைப் பொது மாறிகளில் வைத்திருக்கும். அவற்றிடம் கெர்னலின் 'டிவைஸ்' கட்டமைப்பு எதுவும் இருக்காது. இன்றைய டிஎம்ஏ சார்புகளுக்கும் தானாக விடுவிக்கும் சார்புகளுக்கும் அந்தக் கட்டமைப்பு கட்டாயம். ஆகவே முதலில் இதைச் செய்துவிட்டே இன்டரப்டுக்கும் டிஎம்ஏவுக்கும் செல்ல வேண்டும்.

'ஐஎஸ்ஏ_டிரைவர்' கட்டமைப்பில் மூன்று சார்புகள் முக்கியம். 'மேட்ச்' என்பதில், பயனர் தந்த அளவுருக்கள் பொருளுடையவையா என்று பார்க்கவும். அது மறுத்தால் சாதனம் உடனே நீக்கப்படும். 'புரோப்' என்பதில் எல்லையைக் கோருதல், அடையாளச் சோதனை, மற்ற ஒதுக்கீடுகள். 'ரிமூவ்' என்பது புதிய கெர்னல்களில் எதையும் திருப்பித் தராது. பழைய நிரல் முழு எண்ணைத் திருப்பினால் கம்பைலர் முறையிடும்.

அளவுருக்களை 'மாட்யூல்_பாரம்_எச்டபிள்யூ_அர்ரே' மூலம் அறிவித்து, அவை போர்ட்டா, இன்டரப்டா, டிஎம்ஏவா என்று குறிக்கவும். எத்தனை அடிப்படை முகவரிகள் தரப்பட்டனவோ அத்தனை சாதனங்களை 'ஐஎஸ்ஏ_ரெஜிஸ்டர்_டிரைவர்' உருவாக்கும். ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டமைப்பை ஒதுக்கி, பொது மாறிகளை அதற்குள் நகர்த்தவும். பார்த்து எழுத நல்ல மாதிரி வேண்டும் என்றால், கெர்னலிலேயே உள்ள பிசி/104 ஜிபிஐஓ டிரைவர்களைப் படிக்கலாம், சிறியவை, சுத்தமானவை.

இந்தக் கட்டத்தில்தான் பெயர் மாறிய சார்புகளைத் திருத்த வேண்டும். 'ஐஆர்கியூஎஃப்_டிஸேபிள்ட்' 4.1-இலும், பழைய டைமர் தொடக்க முறை 4.15-இலும் நீங்கின, 'ஆக்ஸஸ்_ஓகே' 5.0 முதல் இரண்டு அளவுருக்களையே ஏற்கும். இவை இயந்திரத்தனமான மாற்றங்கள். நேரம் அதிகம் பிடிக்காது.

9. இன்டரப்ட்

எல்லா அடுக்குகளிலும் அதிக நேரம் விழுங்குவது இதுதான். ஐஎஸ்ஏ இன்டரப்ட் விளிம்பில் தூண்டப்படுவது: கம்பி கீழ்நிலையிலிருந்து மேல்நிலைக்கு ஏறும் கணம் மட்டுமே கணக்கில் வரும். பிசிஐ இன்டரப்ட் நிலையால் தூண்டப்படுவது. கீழ்நிலையே அங்கே அழைப்பு. இந்த வேறுபாட்டிலிருந்துதான் பெரும்பாலான குழப்பங்கள் பிறக்கின்றன.

முதலில் எண். ஜம்பரில் 2 என்று இருந்தால் டிரைவர் 9-ஐக் கோர வேண்டும். இன்டரப்ட் கட்டுப்படுத்திகள் இரண்டையும் இணைக்க 2 பயன்பட்டுவிட்டதால், ஏடி வகைக் கணினிகளில் அந்தக் கம்பி 9-க்குச் செல்கிறது.

அடுத்து, /புராக்/இன்டரப்ட்ஸ் கோப்பில் உங்கள் டிரைவரின் வரியைப் பாருங்கள். எண்ணுக்கு அருகே 'எட்ஜ்' என்று இருக்க வேண்டும். 'ஃபாஸ்ட்இஓஐ' என்று இருந்தால் அது நிலைத் தூண்டலாக அமைந்திருக்கிறது. பழைய கட்டுப்படுத்தி இயங்கும் கணினியில் போர்ட் 4டி0, 4டி1 ஆகிய பதிவேடுகளைப் படித்தும் இதை அறியலாம்: முதலாவது 0 முதல் 7 வரைக்கும், அடுத்தது 8 முதல் 15 வரைக்கும் உரியது, பிட் 1 என்றால் நிலைத் தூண்டல்.

இனிக் கார்டுக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டு, அதே வரியில் எண்ணிக்கை எப்படி ஏறுகிறது என்று கவனிக்கவும்.

எண்ணிக்கை சுழியிலேயே நின்றால், கம்பி கெர்னலை எட்டவில்லை. ஜம்பரையும் பயாஸ் ஒதுக்கீட்டையும் மறுபடி பார்க்கவும். புதிய வகை இன்டரப்ட் கட்டுப்படுத்தியை அணைக்கும் 'நோஏபிக்' அளவுருவுடன் துவக்கினால் மட்டும் எண்ணிக்கை ஏறுகிறது என்றால், பயாஸ் தரும் ஏசிபிஐ அட்டவணையில் குறை இருக்கலாம்.

எண்ணிக்கை ஒன்றிரண்டு ஏறிவிட்டு நின்றால், விளிம்பு தொலைந்துவிட்டது. கையாளும் சார்பு ஒரு நிகழ்வை முடித்துக்கொண்டிருக்கும்போதே கார்டில் இன்னொரு நிகழ்வு வந்து சேர்கிறது. கம்பி கீழே இறங்காமல் மேலேயே நிற்கிறது. ஏறும் கணம் இனி வராது. அடுத்த இன்டரப்டும் வராது. இதற்குத் தீர்வு, நிலைப் பதிவேடு சுழியாகும் வரை சார்புக்குள்ளேயே சுற்றுவது. சுற்றுக்கு ஓர் உச்சவரம்பு வையுங்கள். பழுதான கார்டு கெர்னலை அங்கேயே கட்டிப்போட்டுவிடக்கூடாது. வெளியேறும் முன் கார்டின் இன்டரப்ட் முகமூடியை (எந்த நிகழ்வுகள் அழைக்கலாம் என்று முடிவு செய்யும் பதிவேடு) ஒருமுறை முழுவதும் மூடித் திறந்தால், மிச்சமிருக்கும் நிகழ்வு எதுவும் புதிய விளிம்பை உண்டாக்கும்.

எண்ணிக்கை கட்டுக்கடங்காமல் ஏறி, இன்டரப்டை யாரும் கவனிக்கவில்லை என்று கெர்னல் அதை அணைத்துவிட்டால், அந்த எண் பிசிஐ வழக்கப்படி அமைந்திருக்கிறது என்று சந்தேகிக்கவும். ஐஎஸ்ஏ கம்பி ஓய்வில் இருக்கும்போது கீழ்நிலையில் இருக்கும். பிசிஐ அமைப்பு அந்த ஓய்வையே இடைவிடாத அழைப்பாகப் படிக்கும். அப்போது கெர்னல் பரிந்துரைக்கும் 'ஐஆர்கியூபோல்' அளவுருவை நோயறியும் கருவியாக மட்டும் பயன்படுத்துங்கள். அதை நிரந்தரமாக வைத்துவிட்டுப் பிரச்சினை தீர்ந்தது என்று எழுதுபவர்கள் உண்டு. குறை அப்படியே இருக்கிறது, கணினி மெதுவாகிவிட்டது, அவ்வளவுதான்.

இன்டரப்ட் 7-இல் எப்போதாவது வரும் போலி அழைப்பைப் பொருட்படுத்த வேண்டாம். கட்டுப்படுத்தி ஒப்புக்கொள்ளும் முன்பே கம்பி இறங்கிவிட்டால், அது 7 என்றே அறிவிக்கும். தொடர்ந்து வந்தால் மட்டும் கார்டின் இருக்கையைச் சரிபார்க்கவும்.

10. டிஎம்ஏ

பழைய டிஎம்ஏ கட்டுப்படுத்திக்கு மூன்று எல்லைகள் உள்ளன. முகவரி 24 பிட் என்பதால் நினைவகத்தின் முதல் 16 எம்பியை மட்டுமே அது தொட முடியும். 0 முதல் 3 வரையான 8 பிட் தடங்களில் ஒரு பரிமாற்றம் 64 கேபி எல்லையைத் தாண்டக்கூடாது. 5 முதல் 7 வரையான 16 பிட் தடங்களில் 128 கேபி எல்லையைத் தாண்டக்கூடாது. தடம் 4 இணைப்புக்காக ஒதுக்கப்பட்டது.

சாதாரண நினைவகத்தை ஒதுக்கி 'வர்ட்_டு_பஸ்' மூலம் முகவரியைப் பெறும் பழைய நிரலை நீக்கிவிட்டு, 'டிஎம்ஏ_அல்லாக்_கோஹரன்ட்' பயன்படுத்தவும். பகுதி 8-இல் உருவான ஐஎஸ்ஏ சாதனத்துக்குக் கெர்னல் தானாகவே 24 பிட் வரம்பை வைத்திருக்கும். அதனால் கிடைக்கும் நினைவகம் முதல் 16 எம்பிக்குள் அமையும். இந்தச் சார்பு கேட்ட அளவுக்கு ஏற்ப முகவரியைச் சீரமைத்தே தருவதால், 64 கேபி வரையான ஒதுக்கீடு 64 கேபி எல்லையைத் தாண்டாது. ஒதுக்கீட்டை 'புரோப்' கட்டத்திலேயே செய்துவிடவும். கணினி நெடுநேரம் ஓடிய பிறகு கீழ் 16 எம்பியில் தொடர்ச்சியான இடம் கிடைப்பது அரிது.

தடத்தை 'ரிக்வெஸ்ட்_டிஎம்ஏ' மூலம் கோருவதற்கு முன் இன்டரப்டைக் கோரவும். விடுவிக்கும்போது டிஎம்ஏ முதலில், இன்டரப்ட் பின்னர். எல்லா டிரைவர்களும் இதே ஒழுங்கைக் கடைப்பிடித்தால், ஒதுக்கீட்டுக் கோரிக்கைகள் தேவையின்றித் தோற்காது.

கட்டுப்படுத்தியை அமைக்கும் வரிசை மாறக்கூடாது. 'கிளெய்ம்_டிஎம்ஏ_லாக்' மூலம் பூட்டை எடுக்கவும். தடத்தை அணைக்கவும். 'கிளியர்_டிஎம்ஏ_எஃப்எஃப்' அழைக்கவும். பிறகு பயன்முறை, முகவரி, அளவு ஆகியவற்றைத் தந்து, தடத்தை இயக்கி, பூட்டை விடுவிக்கவும். கார்டுக்குத் 'தொடங்கு' என்ற கட்டளை இதற்கும் பின்னரே செல்ல வேண்டும்.

நடுவில் உள்ள 'கிளியர்_டிஎம்ஏ_எஃப்எஃப்' வரியை நீக்கினாலும் பல நேரம் எல்லாம் இயங்குவது போலவே தெரியும். கட்டுப்படுத்தி 16 பிட் மதிப்பை ஒரே போர்ட்டில் இரண்டு பைட்களாக வாங்குகிறது. இப்போது வருவது கீழ்ப் பைட்டா மேல் பைட்டா என்பதை உள்ளிருக்கும் ஒரு பிட் முடிவு செய்கிறது. அந்தப் பிட்டைச் சுழியாக்காமல் எழுதினால், இரண்டு பைட்களும் இடம் மாறிப் பதியக்கூடும். தரவு வேறெங்கோ போய் விழும். அளவைப் பைட்டுகளிலேயே தரவும். ஒன்றைக் கழிப்பதும், 16 பிட் தடத்துக்குப் பாதியாக்குவதும் கெர்னலின் சார்பே செய்துகொள்ளும். டிரைவரும் கழித்தால் கடைசி பைட் வராது.

11. பூட்டும் காலத்தாமதமும்

பழைய நிரலில் 'சிஎல்ஐ' என்று இருந்த இடங்களைக் கண்மூடித்தனமாக உள்ளூர் இன்டரப்ட் அணைப்பாக மாற்ற வேண்டாம். அன்று அது எல்லாச் செயலிகளிலும் இன்டரப்டுகளை நிறுத்தியது. இன்றைய அணைப்பு, அதை அழைத்த செயலியில் மட்டும் செல்லும். எந்தப் பதிவேடுகளையும் மாறிகளையும் அது காத்தது என்று கண்டறிந்து, அவற்றுக்கு என 'ஸ்பின்_லாக்_ஐஆர்கியூசேவ்' வையுங்கள். பக்கத் தெரிவு உள்ள சிப்புகளில், பக்கத்தை மாற்றுவதும் பதிவேட்டைத் தொடுவதும் ஒரே பூட்டுக்குள் இருந்தாக வேண்டும். பூட்டுக்குள் உறங்கும் சார்புகளை அழைக்கக்கூடாது. சோதனைக் கெர்னலில் 'லாக்டெப்' வசதியை இயக்கி வைத்தால் பூட்டு வரிசைத் தவறுகளை அது காட்டிக்கொடுக்கும்.

வெற்றுச் சுற்றுகளால் காலம் கடத்தும் வரிகள் புதிய செயலிகளில் பயனற்றவை. சிறு தாமதத்துக்கு 'யூடிலே', நெடுங்காத்திருப்புக்கு ஜிஃபீஸ் (கெர்னலின் கடிகாரத் துடிப்பு எண்ணி) அடிப்படையிலான கால எல்லை. 'ஐஎன்பி_பி', 'அவுட்பி_பி' ஆகியவை இயல்பாகப் போர்ட் 80-இல் எழுதித் தாமதம் உண்டாக்குகின்றன. சில கணினிகளில் அந்தப் போர்ட் வேறு சாதனத்துடன் மோதும். தொடர்பே இல்லாமல் கணினி உறைந்தால் 'ஐஓ_டிலே=' அளவுருவில் 'யூடிலே' என்று தந்து பார்க்கவும்.

12. ஏற்றி இறக்கிச் சோதித்தல், பேட்சுகளாகப் பிரித்தல்

மாட்யூலைப் பலமுறை ஏற்றி இறக்கவும். இரண்டாவது முறை ஏறும்போது போர்ட் ஏற்கெனவே பிடிபட்டுள்ளது என்று வந்தால், 'ரிமூவ்' பாதியில் ஏதோ விடுபட்டிருக்கிறது. தானாக விடுவிக்கும் சார்புகளால் இன்டரப்டைக் கோரியிருந்தால் அது 'ரிமூவ்' முடிந்த பின்பே விடுவிக்கப்படும். ஆகவே 'ரிமூவ்' தொடங்கியதும் கார்டின் சொந்த முகமூடியால் இன்டரப்டை நிறுத்திவிடவும். தவறான போர்ட் எண்ணைத் தந்தும், கார்டைக் கழற்றிவிட்டும் ஏற்றிப் பாருங்கள். கார்டைக் கழற்றும் முன் மின்சாரத்தை முழுவதுமாகத் துண்டிக்கவும். ஐஎஸ்ஏ கார்டை ஓடும் கணினியில் கழற்ற முடியாது.

திருத்தத்தைக் கெர்னலுக்கு அனுப்புவதாக இருந்தால், கேகான்ஃபிக் மாற்றம், பஸ் கட்டமைப்பு மாற்றம், இன்டரப்ட் திருத்தம், டிஎம்ஏ திருத்தம் ஆகியவற்றைத் தனித்தனிப் பேட்சுகளாக்கவும். ஒவ்வொரு பேட்சுக்குப் பின்னும் கெர்னல் கம்பைல் ஆக வேண்டும். இல்லாவிட்டால் பின்னாளில் பைசெக்ட் செய்பவர் அங்கே தடுக்கி நிற்பார். பகுதி 6-இல் குற்றவாளி மாற்றம் அகப்பட்டிருந்தால், அதன் அடையாளத்தின் முதல் 12 எழுத்துகளை 'ஃபிக்ஸஸ்' வரியில் தரவும். எந்தக் கார்டில், எந்த மதர்போர்டில், எந்தப் போர்ட், இன்டரப்ட், டிஎம்ஏ அமைப்பில் சோதித்தீர்கள் என்பதைப் பேட்சின் விளக்கத்தில் எழுதவும். அந்தக் கார்டு பராமரிப்பாளரிடம் இருக்க வாய்ப்பில்லை என்பதால், அவர் எடைபோடப்போவது அந்த வரியைத்தான்.